மணியும் இருபது பேரும்

போன மாதம் அந்தியூர் சந்தையைப் பற்றி எழுதும்போது, நானும் பேரனும் ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓர் ஓநாய் வளர்க்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பழைய சக ஊழியர்கள் இரண்டு பேர் போன் செய்தார்கள். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "ஓநாய்க்கு என்னங்க தீவனம் போடறீங்க?" என்று கேட்டார். கால்நடைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர் கேட்க வேண்டிய கேள்விதான். அவருக்காக இந்தப் பதிவு.

விளையாட்டின் பெயர் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். 2004 நவம்பரில் வந்தது. வருடா வருடம் மாற்றி மாற்றிப் பழையது காணாமல் போய்விட்டதால், முதலில் இருந்தது போலவே வேண்டும் என்று பலர் கேட்க, 2019 ஆகஸ்டில் 'கிளாசிக்' என்ற பெயரில் அதைத் திரும்ப விட்டார்கள். நானும் மனைவியும் அப்போது சிட்னியில் மகன் வீட்டில் இருந்தோம். பேரனுக்குப் பதினைந்து வயது. "தாத்தா, உங்களுக்கும் ஒரு ஆள் உருவாக்கித் தரேன்" என்று உட்கார வைத்தான். மந்திரவாதி, போர்வீரன், பூசாரி என்று பல வகை ஆட்கள். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. ஹண்டர் என்ற வேட்டைக்காரனுக்கு மட்டும் சொந்தமாக ஒரு மிருகம் உண்டு என்றான். சரி, அதையே கொடு என்றேன். தாடி வைத்த குள்ளன் ஒருவன் கையில் துப்பாக்கியோடு பனியில் நின்றான். அன்றைக்கு ஆரம்பித்தது.

மிருகம் சும்மா கிடைப்பதில்லை. பத்தாவது படி ஏறிய பிறகு காட்டில் நாமே தேடிப் பிடிக்க வேண்டும். பிடிப்பதற்கு இருபது விநாடி ஆகும். அந்த இருபது விநாடியும் அது நம்மைக் கடித்துக்கொண்டே இருக்கும். நாம் திருப்பி அடிக்காமல் நிற்க வேண்டும். இதை யோசித்து வைத்தவன் வீட்டில் கன்றுக்குட்டி வளர்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். முதலில் ஒரு காட்டுப்பன்றி, பிறகு ஒரு பூனைச்சாதி, அப்புறம் பிளாக்ராக் மலைக்குள்ளிருந்து ஓர் ஓநாய். மொத்தம் மூன்றுதான் வைத்துக்கொள்ளலாம். ஒன்று கூட வரும், இரண்டு லாயத்தில் நிற்கும். ஓநாய்க்கு மணி என்று பெயர் வைத்தேன். எங்கள் வீட்டில் இருந்த நாய்கள் அத்தனைக்கும் அதே பெயர்தான்.

தீவனக் கேள்விக்கு வருகிறேன். பன்றி எதையும் தின்னும். ரொட்டி, மீன், பழம், காளான், கறி, எல்லாம். பூனை கறியும் மீனும். ஓநாய் கறி மட்டும். திரையின் ஓரத்தில் ஒரு சின்ன முகம் இருக்கும். பச்சை முகம் என்றால் சந்தோஷமாக இருக்கிறது, வழக்கத்தை விட 25 சதவீதம் கூடுதலாகக் கடிக்கும். மஞ்சள் என்றால் சாதாரணம். சிவப்பு என்றால் கடியில் 25 சதவீதம் குறையும், அப்படியே விட்டால் ஒருநாள் நம்மை விட்டுவிட்டு ஓடியும் போகும். சண்டையில் செத்தால் முகம் வாடிவிடும். உயிர்ப்பிக்கலாம், ஆனால் பழையபடி பச்சைக்கு வர இன்னும் கறி போட வேண்டும். ஆகவே சண்டைக்குப் போகுமுன் பையில் கறி இருக்கிறதா என்று பார்ப்பது என் பழக்கம். நிறையப் பேர் துப்பாக்கி ரவையை எண்ணுவார்கள், கறியை எண்ண மாட்டார்கள்.

தனியாகக் காட்டில் திரியும்போது மிருகம் ஒரு பெரிய சொத்து. அது முன்னால் போய் உறுமும், எதிரி அதன் மேல் பாயும், நாம் தூரத்தில் நின்று சுடலாம். சிக்கல் எல்லாம் கூட்டத்தில்தான். இந்த விளையாட்டில் நாற்பது பேர் சேர்ந்து போகும் சண்டையும் உண்டு, இருபது பேர் போவதும் உண்டு. ரெய்டு என்பார்கள். கேடயக்காரர் ஒருவர் முன்னால் நின்று அசுரனின் கோபத்தைத் தன் மேல் வாங்கிக்கொள்வார். அவருக்கு டேங்க் என்று பெயர். பின்னால் ஹீலர்கள் அவருக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மீதிப் பேர் பக்கவாட்டிலிருந்து அடிக்க வேண்டும். அசுரன் அவரை விட்டு வேறு யாரையாவது பார்த்துத் திரும்பினால் தீர்ந்தது. அவன் வீசும் ஒரு வீச்சில் நாலு பேர் விழுவார்கள்.

இப்போது மணி உறுமினால் என்ன ஆகும்? அசுரன் மணியைப் பார்த்துத் திரும்புவான். காட்டில் நம்மைக் காப்பாற்றிய அதே உறுமல் இங்கே கூட்டத்தைக் கொல்லும். அதனால் ரெய்டுக்குள் காலெடுத்து வைக்கும்போதே உறுமலை அணைத்துவிட வேண்டும். பொத்தானை வலது கிளிக் செய்தால் போதும். ஆனால் எத்தனை பேர் செய்கிறார்கள்?

அடுத்தது, அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு மூன்று நிலைகள். ஒன்றில் கண்ணில் பட்டதையெல்லாம் பாயும். இன்னொன்றில் எசமானை அடித்தவனை மட்டும் பாயும். மூன்றாவதில் நாம் சொன்னால் ஒழிய ஒன்றும் செய்யாது. முதலாவது ஆபத்து என்று குழந்தைக்கும் தெரியும். இரண்டாவதுதான் ஏமாற்றும். விசுவாசமான நாய் போலத் தோன்றும். மந்திரவாதி ஒருவர் ஓர் எதிரியைச் செம்மறி ஆடாக மாற்றி ஓரமாக நிறுத்தியிருப்பார், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. மேலே ஒரு கீறல் பட்டாலும் ஆடு மறுபடி எதிரியாகிவிடும். அந்த எதிரி சற்று முன் என்னை ஓர் அடி அடித்திருந்தால் போதும், விசுவாசமான மணி அந்த ஆட்டைப் போய்க் கடிக்கும். அதனால் மூன்றாவது நிலைதான். கைகட்டி நிற்கும் நிலை என்று நான் சொல்வேன். எதைக் கடிக்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நாமே சொல்ல வேண்டும். கை ஓயாது. சும்மா நின்று சுடுகிறவனுக்கு ஒரு வேலை என்றால் நமக்கு இரண்டு.

தடுப்பூசி முகாம்களில் பார்த்திருப்பீர்கள். காங்கேயம் காளைக்கு ஊசி போடும்போது எல்லாரும் ஊசி போடுகிறவரைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். தலைக்கயிறு பிடிப்பவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் ஒழுங்காகப் பிடித்தால் அங்கே ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யார் பாராட்டுவார்கள்?

குதிக்கும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளாக்ராக் மலைக்குள் அடுக்கடுக்காகத் தளங்கள். மேலிருந்து கீழே குதித்தால் பாதித் தூரம் மிச்சம். நாம் குதிப்போம், மிருகம் குதிக்காது. அது நல்ல பிள்ளையாக வந்த வழியே படிக்கட்டு தேடி, வளைந்து வளைந்து, வழியில் உள்ள எல்லா அரக்கர் கூட்டத்தின் நடுவிலும் ஓடி நம்மிடம் வந்து சேரும். அந்த அரக்கர்கள் அத்தனை பேரும் அதன் பின்னால். ஒருமுறை எங்களோடு வந்த இன்னொரு ஹண்டர் குதித்தார். நாங்கள் கீழே காத்துக்கொண்டிருந்தோம். அரை நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு தூரத்தில் ஒரு சிறுத்தை தெரிந்தது. அதன் பின்னால் முப்பது பேர் தெரிந்தார்கள். குதிக்குமுன் மிருகத்தை அனுப்பிவிட ஐந்து விநாடி ஆகும், கீழே போய்க் கூப்பிட்டுக்கொள்ளலாம். அந்த ஐந்து விநாடிக்குத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

மோல்டன் கோர் என்ற நெருப்புக் குகையில் பாரன் கெடன் என்று ஒருவன். திடீரென்று தன்னைச் சுற்றி நெருப்பைக் கக்க ஆரம்பிப்பான். கிட்டே இருப்பவர்கள் ஓட வேண்டும். மணியையும் கூப்பிட வேண்டும். நெருப்பைப் பார்த்த பிறகு கூப்பிட்டால் என் கட்டளை ஈரோட்டிலிருந்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்வதற்குள் பாதி வெந்துவிடும். ஆகவே அவன் கையைத் தூக்கும் முன்பே கூப்பிடுவேன். சில சமயம் வீண் போகும், மணி இரண்டு கடி குறைவாகக் கடிக்கும். போகட்டும். மிருகத்துக்கு வைத்தியம் பார்க்கலாம்தான், ஆனால் பார்க்கும் ஐந்து விநாடியும் நாம் சுட முடியாது. கெடன் சண்டை நடக்கும் சரியான நேரத்துக்குத்தான் என் மனைவி காபி டம்ளரோடு வந்து நிற்பார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பேரன் வார்லாக். அவனுக்கும் துணை உண்டு, ஆனால் பிடித்து வளர்ப்பதில்லை, பாதாளத்திலிருந்து வரவழைப்பது. சின்னக் குட்டிப்பேய் ஒன்று, கரிய பூதம் ஒன்று, மந்திரத்தைத் தின்னும் வேட்டைநாய் ஒன்று, சவுக்கு வைத்த ஒரு பெண் பேய். (இந்த நாலாவதைப் பற்றி வீட்டில் விளக்கம் கேட்டபோது நான் மாத்திரை போடும் நேரம் என்று எழுந்துவிட்டேன்.) பெரிய சண்டைகளில் அவர்கள் செய்யும் காரியம் எனக்கு ஆரம்பத்தில் ஜீரணமாகவில்லை. அந்தப் பெண் பேயை வரவழைத்து உடனே பலி கொடுத்துவிடுவார்கள். கொடுத்தால் வார்லாக்கின் நிழல் மந்திரத்துக்கு அரை மணி நேரம் 15 சதவீதம் வலு கூடும். "உயிரோட இருந்தா இதைவிடக் கம்மிதான் தாத்தா அடிக்கும்" என்பான். கணக்கு சரிதான். ஆனாலும் நான் மணியைப் பார்த்துக்கொள்வேன்.

எல்லாரும் பலி கொடுத்துவிட முடியாது. டேங்க் இருக்கும் ஐவர் குழுவில் ஒரு வார்லாக் மட்டும் குட்டிப்பேயைக் கூட வைத்திருக்க வேண்டும். அது பக்கத்தில் இருந்தாலே அந்த ஐந்து பேருக்கும் உடல் வலு கூடும். அது சண்டை போடாமல் இருக்கும் வரை யாருடைய அடியும் அதன் மேல் படாது, நிழல் போல மறைந்து நிற்கும். அந்த வேலையைப் பேரனுக்குத்தான் கொடுப்பார்கள். அடித்த கணக்குப் பட்டியலில் அவன் பெயர் கீழே போய்விடும். அந்த வயதுப் பையனுக்கு அது பெரிய விஷயம். ஒன்றும் சொல்லாமல் செய்தான்.

2020 ஜனவரியில் நாங்கள் ஊர் திரும்பினோம். மார்ச் 25 முதல் இங்கே ஊரடங்கு. அங்கேயும் எல்லாம் மூடியாயிற்று. ஏப்ரல் நடுவில் கிளாசிக்கில் ஸுல்'குருப் என்ற இருபது பேர் கோயிலைத் திறந்தார்கள். எங்கள் குழு ஞாயிற்றுக்கிழமை போகும். சிட்னியில் பகல் மூன்று, எனக்குக் காலை பத்தரை. காதில் ஹெட்போன் மாட்டினால் பேரன் குரல் கேட்கும். வாரத்தில் அவன் குரலை நான் கேட்டது அப்போது மட்டும்தான். வீடியோ காலில் வர மாட்டான். மகன், "ரூமை விட்டே வரதில்லப்பா, தட்டுல சாப்பாடு வாங்கிக்கிட்டு கதவைச் சாத்திக்கிறான்" என்றான். மருமகள் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோய் வார்டு வேலை என்பதால் வீட்டில் ஒரு தனி அறையில் தங்கிக்கொண்டாள். சம்பந்தியம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறார், எழுபத்து மூன்று வயது, இருதய நோயாளி. பேரன் பிறந்ததிலிருந்து அம்மாயி கையில்தான் வளர்ந்தான். இப்போது அம்மாயி கூப்பிட்டாலும் கதவைத் திறப்பதில்லை. அந்த அம்மா என் மனைவியிடம் போனில் அழுதார், நான் என்ன செஞ்சேன் இவனுக்கு என்று.

அந்தக் கோயிலின் கடைசியில் ஹக்கார் என்ற ரத்தக் கடவுள். அவன் ஒருவர் மேல் கெட்ட ரத்தத்தை ஏவுவான். அது அவரை அரிக்கும், பக்கத்தில் நிற்பவருக்கும் தொற்றும். எங்கள் தலைவர் ஹக்காரிடம் மிருகம் எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மற்றவர்களுக்காகக் காத்திருந்த நேரத்தில் பேரனிடம் ஏன் என்று கேட்டேன். அவன் பழைய கதையைச் சொன்னான்.

2005 செப்டம்பரில் முதல்முதலாக இந்தக் கோயிலைத் திறந்தபோது, அந்த நோய் கோயிலுக்குள்ளேயே இருக்கும் என்றுதான் செய்தவர்கள் நினைத்திருந்தார்கள். ஆளுக்கு வந்தால் சற்று நேரத்தில் செத்துவிடுவார், அல்லது பிழைத்துவிடுவார், நோய் அங்கேயே முடியும். மிருகங்களை மறந்துவிட்டார்கள். நோய் பிடித்த மிருகத்தைச் சண்டை நடுவில் அனுப்பிவிட்டால் நோயும் அதோடு அப்படியே நின்றுவிடும். ஊருக்குப் போய் மிருகத்தைக் கூப்பிட்டால் நோயோடு வந்து நிற்கும். அவ்வளவுதான், சந்தை போன்ற கூட்டமுள்ள பெரிய நகரங்கள் முழுக்கப் பரவியது. ஆட்டக்காரர் அல்லாத கடைக்காரர்களுக்கும் காவலர்களுக்கும் தொற்றும், ஆனால் அவர்கள் சாக மாட்டார்கள், பரப்பிக்கொண்டே நிற்பார்கள். புதிதாக வந்த சின்ன ஆட்டக்காரர்கள் நொடியில் விழுந்தார்கள். தெருவெல்லாம் எலும்புக்கூடு. ஹீலர்கள் காப்பாற்ற ஓடிவந்தார்கள், சிலர் காட்டுக்கு ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். தனிமைப்படுத்திப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கடைசியில் விளையாட்டையே திருத்தி, மிருகத்துக்கு அந்த நோய் தொற்றாதபடி செய்து முடித்தார்கள். தொற்றுநோய் ஆராய்ச்சியாளர்களான எரிக் லோஃப்கிரன், நினா ஃபெஃபர்மன் இருவரும் 2007இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் இதைப் பற்றியே கட்டுரை எழுதினார்கள்.

எனக்கு ஆச்சரியமாக இல்லை. கோமாரி இதையேதான் செய்யும். மாட்டுக்கு வந்தால் வாய்ப்புண், குளம்புப்புண், எச்சில் ஒழுகும், தெரிந்துவிடும். ஆட்டுக்குப் பல சமயம் லேசாக வந்து போய்விடும், வளர்ப்பவருக்கே தெரியாது. அந்த ஆடு சந்தைக்குப் போகும். 2001இல் இங்கிலாந்தில் செம்மறிகள் வழியாகச் சந்தை சந்தையாகப் பரவி, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று அழிக்க வேண்டி வந்தது. இதையெல்லாம் உற்சாகமாக அவனிடம் சொல்லிக்கொண்டே போனேன். மறுபக்கம் சத்தமில்லை.

பிறகு சொன்னான். "தாத்தா, நான்தான் அந்த பெட். அம்மாகிட்ட இருந்து எனக்கு வரும், எனக்கு ஒண்ணும் ஆகாது. அம்மாயிக்குப் போகும்."

இதற்காகத்தான் ஆறு வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை.

கவலைப்படாதே, ஒன்றும் ஆகாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியாததை எப்படிச் சொல்வது? தெரிந்ததைச் சொன்னேன். "கண்ணு, கோமாரி வந்த ஊர்ல நாங்க மாட்டைப் பூட்டி வெச்சுட்டுப் பட்டினி போட மாட்டோம். சீக்கு மாட்டுக்குத் தனித் தொட்டி, தனி ஆள். ஆள் இல்லைன்னா, முதல்ல நல்ல மாட்டைக் கவனிச்சுட்டுக் கடைசியில சீக்கு மாட்டுகிட்டப் போவோம். வெளிய வந்தா காலைச் சலவைச் சோடாத் தண்ணில நனைப்போம். கிட்டப் போறதுக்கு ஒரு முறை இருக்கு. போகவே கூடாதுன்னு இல்லை. நான் மாட்டு ஆசுபத்திரி ஆளு. மனுசனுக்கு என்ன முறைன்னு உங்கம்மாளைக் கேளு. அவளுக்குத் தெரியும்."

கேட்டிருக்கிறான். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்களாம். மருமகள் பிறகு என்னிடம் சொன்னாள்: "மாமா, அவன் பயந்துக்கிட்டு இருக்கான்னு நினைச்சேன், தனக்கு வந்துடும்னு." பின்கட்டில் இரண்டு நாற்காலி, நடுவில் ஒன்றரை மீட்டர், கை கழுவிவிட்டு வர வேண்டும், அம்மா வேலைக்குப் போகும் வாரத்தில் முகமூடி, இப்படி ஒரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

ஹக்காரை மூன்றாவது வாரம்தான் வீழ்த்தினோம். படிக்கட்டு ஏறுமுன் மணியின் உடம்பில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு அனுப்பினேன். பேரன் லேப்டாப்பைப் பின்கட்டுக்குக் கொண்டுவந்து ஆடினான். குட்டிப்பேய் அவன் பக்கத்தில் நிழலாக நின்றது. பட்டியலில் அவன் பெயர் அடியிலிருந்து நாலாவது, நான் மூன்றாவது. அசுரன் விழுந்து எல்லாரும் கத்திக்கொண்டிருக்கும்போது மைக்கில் ஒரு குரல் கேட்டது, கொஞ்சம் தூரத்திலிருந்து, "அத்தனை பேரும் சாப்டாங்களாமா, கேளு கண்ணு" என்று. யார் அது, என்ன சொல்கிறார்கள் என்று ஆஸ்திரேலியர்கள் கேட்டார்கள். "என் பாட்டி, எல்லாரும் சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க" என்று அவன் இங்கிலீஷில் சொன்னான். பதினெட்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் பதில் சொன்னார்கள்.